பத்தொன்பதாம் காற்று

அந்தக் காலத்தில் பூக்களுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. இன்று நர்சரிக்காரர்கள் கேண்டிடஃப்ட் என்று பாக்கெட்டில் விதை விற்கிறார்களே, அந்த வெள்ளைப் பூவும் அப்போது தனித்தனியாகத்தான் நடமாடியது. ஒவ்வொருத்திக்கும் நான்கு இதழ். நான்கும் ஒரே அளவு. மலைமேல் பூவாயி என்றொருத்தி போட்டிருந்த தோட்டத்தில், நட்டநடுப் பாத்தியில், முப்பது அக்காள் தங்கைகளாக அவர்கள் குடியிருந்தார்கள்.

குளிர்காற்று அடிக்கும் நாளில் முப்பது பேரும் வட்டமாக ஒட்டி நிற்பார்கள். வெளியே நிற்பவர்கள் காற்றை வாங்கிக்கொள்ள, உள்ளே நிற்பவர்களுக்குக் கதகதப்பாக இருக்கும். இருபது தடவை காற்று வீசியதும் இடம் மாறவேண்டும். வெளியே இருப்பவர்களுக்குக் காற்றின் இரைச்சலில் எண்ணிக்கை தப்பிப்போகும் என்பதால், எண்ணுவது உள்ளே இருப்பவர்களில் மூத்தவளின் வேலை. இந்த முறையால்தான் அந்தக் குடும்பத்தில் ஒருத்திகூடக் குளிரில் செத்ததில்லை.

அந்த வருஷம் வந்த காற்று வேறு மாதிரி. பட்டப்பகலிலேயே வாய்க்கால் தண்ணீர் உறைந்துவிட்டது. எல்லோருக்கும் மூத்தவளான வெள்ளாயி உள்ளே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். கடைக்குட்டி சின்னு அவளுக்கு நேர் முன்னால், வெளிவட்டத்தில் நின்றாள். பதினெட்டு, பத்தொன்பது. வெள்ளாயி சின்னுவின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாகச் சில்லிட்டிருந்தது. அடுத்து அந்த இடத்தில் நிற்கப்போவது தான்தான் என்று நினைத்ததும் இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டாள்.

இருபதாவது காற்று வீசியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

“அக்கா, மாறிக்கலாமா?” என்று சின்னு கேட்டாள்.

“இன்னும் பத்தொன்பதுதான்டி ஆச்சு. கொஞ்சம் பொறுத்துக்க, கண்ணு.”

கண்ணு என்று கூப்பிட அவளுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! உள்ளே இருந்த மற்றவர்களுக்கும் கணக்குத் தெரியும். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. கதகதப்பு அப்படி.

இன்னும் இருபது காற்று போயிற்று.

“அக்கா, இப்ப?”

“பத்தொன்பதுதான்.”

அக்காள் பொய் சொல்வாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை. உள்ளே இருப்பவர்கள்மேல் காற்றுப் படக்கூடாதே என்று, வெளிப்பக்கத்து இதழ்கள் இரண்டையும் முடிந்தமட்டும் நீட்டி விரித்தாள். அவளைப் பார்த்து வெளிவட்டத்தில் நின்ற எல்லோரும் அப்படியே செய்தார்கள். உட்பக்கத்து இதழ்கள் நெரிசலில் குறுகிப்போயின.

மூன்றாவது தடவை சின்னு கேட்கவில்லை.

காற்று சற்று ஓய்ந்ததும் பூவாயி ஓடிவந்தாள். சின்னு இதழை விரித்தபடி, நின்ற வாக்கிலேயே செத்துப்போயிருந்தாள்.

“இந்தப் பச்சப்புள்ளய இம்புட்டு நேரம் வெளியில நிக்கவிட்டது யாருடி? யாரு எண்ணுனது?”

வெள்ளாயி மெதுவாக நழுவப் பார்த்தாள். உள்ளே இருந்த மற்றவர்களும் அவள் பின்னால் கிளம்பினார்கள். பூவாயிக்கு வந்ததே கோபம்!

“ஓடவா பாக்குறீங்க? இனி ஒருத்திய விட்டு ஒருத்தி நகரவே கூடாது!”

உள்ளே இருந்தவர்களை உள்ளேயும், வெளியே இருந்தவர்களை வெளியேயும் வைத்து, ஈரக் கற்றாழை நாரால் ஒரே கொத்தாக இறுக்கிக் கட்டினாள். நடுப்பாத்தியில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பாத்தி ஓரத்துக் கல் இடுக்கில் கால்களை அழுத்திப் புதைத்துவிட்டாள்.

சின்னுவுக்குப் பக்கத்தில் நின்ற அக்காள் அப்போதுதான் தட்டுத்தடுமாறிப் பேசினாள்.

“எங்கள வெளியிலயே வச்சுக் கட்டிட்டீங்களேம்மா. இனி எங்க முறை எப்பம்மா மாறும்?”

பூவாயி பதறிப்போய் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தாள். ஈர நார் குளிரில் உறைந்து கெட்டித்திருந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். ஆத்திரத்தில் செய்துவிட்டு, அந்தக் கல்மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது என்ன செய்ய?

அன்று முதல்தான் கேண்டிடஃப்ட் பாத்தி ஓரங்களில், கல் இடுக்குகளில் கொத்தாகப் பூக்கிறது. கொத்தின் நடுவில் இருப்பவை குட்டை இதழோடு சௌகரியமாக இருக்க, சுற்றி நிற்பவை வெளியிதழ்களை நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. இருபது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.