ஒரே உடம்பு, இரண்டு கணக்கு

தேயிலை மலைமேல் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் நடந்தது இது. கேட்பவர்கள் எண்களின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஜெசிந்தா வேலை பார்த்தாள். போன மழைக்காலத்தில் பொன்னுத்தாய் என்ற தோட்டத் தொழிலாளிக்குப் பிளேட்லெட் பன்னிரண்டாயிரம் என்று இயந்திரம் காட்டியது. இரத்தப்போக்கை நிறுத்தும் அணுக்கள் இவ்வளவு குறையுமா என்று சந்தேகப்பட்ட ஜெசிந்தா, ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து மறுபடி எண்ணினாள். எண்ணில் பிழை இல்லை. அந்தத் தாமதத்தில் பொன்னுத்தாய் இறந்துபோனாள்.

யாரும் ஜெசிந்தாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, வெளியே பெஞ்சில் ஆள் இல்லாதபோதும், "ரிப்போர்ட் வந்துருச்சாம்மா?" என்ற பொன்னுத்தாயின் குரல் அவளுக்குக் கேட்கும். "இதோ வந்துரும்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவாள்.

இந்த ஆண்டு, நிறைமாதக் கர்ப்பிணியான ஹசீனா வந்து சேர்ந்தாள். காலை ஏழு மணிக்குக் கை நரம்பில் எடுத்த இரத்தம் ஊதா மூடிக் குழாயில் வந்தது. பிளேட்லெட் தொண்ணூறாயிரம். பத்து மணிக்கு வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு தளர்ந்தது. உடனே அறுவை செய்தாக வேண்டும்.

"பிளேட்லெட்டை இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க," என்றார் டாக்டர் ரங்கநாயகி.

உடன் வேலை பார்த்த துரைப்பாண்டி அதே குழாயை இயந்திரத்தில் வைத்தான். பத்தொன்பதாயிரம்.

ஜெசிந்தா பிரசவ அறைக்கு ஓடினாள். ஹசீனாவின் உடம்பில் எங்கும் இரத்தக்கட்டு இல்லை. காலையில் ஊசி குத்திய இடம் காய்ந்திருந்தது. ஜெசிந்தா அவள் விரல்நுனியில் குத்தி, வந்த சொட்டைக் குழாயில் சேர்க்காமல் நேரே எண்ணும் திரவத்தில் கலந்து, நுண்ணோக்கியில் எண்ணினாள். ஒன்றரை லட்சம்; குறைவில்லாத கணக்கு.

"விரல்ல குத்துனா கொஞ்சம் பிளேட்லெட் காயத்துலேயே ஒட்டிக்கும்க்கா. அந்தக் கணக்கை நம்பாதீங்க. போன வருசம் மாதிரி ஆயிரப்போவுது," என்றான் துரைப்பாண்டி.

ஜெசிந்தா டாக்டரிடம் போனாள். "விரல் கணக்குத்தான் சரி, டாக்டர்," என்றாள்.

பத்தொன்பதாயிரம் உண்மையானால், கத்தி வைத்ததும் தாய் இரத்தம் கொட்டிச் சாவாள். அதற்குப் பயந்து இரண்டு மணி நேரம் மலைப்பாதையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், பிள்ளை பிழைக்காது.

டாக்டர் யாருடைய எண்ணை நம்ப வேண்டும்? இருவரில் யார் சொன்னது சரி?

விடை: ஜெசிந்தா சொன்னதே சரி. துரைப்பாண்டி சொன்னது போலக் காயத்தில் ஒட்டிக்கொண்டால் விரல் கணக்கு குறையுமே தவிர, அதிகமாகாது. பிளேட்லெட் குறைந்தது ஹசீனாவின் உடம்பில் அல்ல, குழாயில். இரத்தம் உறையாதிருக்க ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்து சிலருடைய பிளேட்லெட்டுகளைத் திட்டுத்திட்டாக ஒட்டவைத்துவிடும். ஒட்டியவற்றை இயந்திரம் எண்ணாது. நேரம் ஆக ஆக எண் இறங்கும். டாக்டர் அறுவை செய்தார்; ஹசீனாவுக்கு இரத்தம் கொட்டவில்லை. பெண் குழந்தை. சற்றுப் பொறுத்துத்தான் அழுதது. அந்த அழுகை கேட்கும்வரை ஜெசிந்தா கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.