பெடல்மேல் இருந்த கால்

முதலில் கேட்டது ஒரு சத்தம்தான். மாடிப்படியில் கட்டை தட்டுகிற சத்தம். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு முனகல், மறுபடி ஒரு தட்டு.

தணிகாசலம் வாசிப்பதை நிறுத்தினார். நிறுத்தினாரே தவிர பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. கோல்களால் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகள் எல்லாம் சேர்ந்து ரீங்கரித்துக்கொண்டே இருந்தன. மிதித்திருக்கும்வரை நாதம் நீளும். காலை எடுத்தால் அறுந்துவிடும். அவர் எடுக்கிற ஆள் இல்லை. பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்தே வயசு ஐம்பதைத் தாண்டியவர். சத்தம் நின்றால் எங்கோ பழுது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

கதவருகே மார்செலின் வந்து நின்றாள். அவருக்குச் சொல்லிக்கொடுப்பவள், வயதில் மகள் மாதிரி. கக்கத்தில் ஊன்றுகோல், வலது காலில் மாவுக்கட்டு.

"என்ன டீச்சர் இது?"

"ஸ்கூட்டர் சறுக்கிடுச்சு. முதல்ல காலை எடுங்கண்ணே, காது அடைக்குது."

எடுத்தார். அறை வெறிச்சென்று ஆனது. அன்று மாலை கடற்கரை விடுதியில் அவளுடைய ஜாஸ் கச்சேரி. அவள் வாசித்துக் கேட்டதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன்னையும் மேடையேற்றச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அப்போ இன்னைக்கு..." என்று இழுத்தார். "நான் வாசிக்கட்டுமா?"

"ஒத்தக் கால்ல நின்னு நானே வாசிச்சுடுவேன். பெடலுக்குத்தான் ஆள் வேணும். உங்க காலைக் கொடுங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "என் கைக்கு என்ன குறை டீச்சர்?"

"கைக்கு ஒரு குறையும் இல்ல."

"சரி, எங்கெங்க காலை எடுக்கணும்னாவது சொல்லுங்க."

"நான் என்ன வாசிப்பேன்னு எனக்கே இன்னும் தெரியாதே."

மாலையில், அவள் பக்கத்தில் ஒடுங்கி நின்று பெடலில் கால் வைத்தவரைப் பார்த்து, ஆளுயர பாஸ் தந்தி வாத்தியத்தை அணைத்து நின்ற ஃபெலிக்ஸ் சிரித்தான். "என்னண்ணே, தையல் மெஷினா? என் பேன்ட்டையும் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க."

முதல் பாட்டில் அவர் காலைத் தூக்கவே இல்லை. அவள் வாசித்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியது. முன்வரிசையில் ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டார். மார்செலின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதில் பயந்துபோய்ப் படபடவென்று எடுத்தார். நாதம் துண்டு துண்டாக விழுந்தது. அவள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனாள்.

மூன்றாவதில் அவள் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அடியில் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. ஃபெலிக்ஸின் பாஸ். இத்தனை நாள் அது காதில் விழுந்ததே இல்லை. காலை மெதுவாகத் தளர்த்தினார். வழி கிடைத்ததும் பாஸ் முன்னால் வந்தது.

கடைசிப் பாட்டு. மார்செலின் ஒரே ஒரு பட்டையைத் தட்டிவிட்டுக் கோல்களைத் தாழ்த்திக்கொண்டாள். நாதம் மெலிந்துகொண்டே போனது. அதன் பின்னாலிருந்து அலைச்சத்தம் ஏறி வந்தது. எது நாதம், எது அலை என்று பிரிக்க முடியாமல் போன ஓரிடத்தில் அவர் காலை எடுத்தார். முன்வரிசைக்காரர் கீழே வைக்கப்போன தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

கூட்டம் கலைந்தது. தணிகாசலம் பட்டைகளைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது.

"டீச்சர், கடைசியில காலை எடுத்தேனே, அது சரியான இடமா?"

மார்செலின் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? கால் உங்களோடதுதானே."

தணிகாசலம் அடுத்த பட்டையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.