ஒரு பிரதி போன வழி

"விற்பது இருநூறு பிரதி. ஊரிலோ நாலாயிரம் பேர். நான் யாருக்குத்தான் எழுதுகிறேன்?" என்றார் ஜோசையா பெல்லோ.

வட இங்கிலாந்தில், கம்பளி நெய்யும் ஹாத்தர்பெக் என்ற ஊரில், சனிக்கிழமைதோறும் வரும் பத்திரிகைக்கு அவர் ஆசிரியர். லண்டனிலிருந்து வந்து ஆறு மாதம். திரும்பிப் போகக் குதிரை வண்டியில் இடமும் சொல்லிவைத்துவிட்டார்.

ஹன்னா ட்ரைப் அச்செழுத்துக் கோர்ப்பதை நிறுத்தவில்லை. கணவர் தொடங்கிய பத்திரிகையை, அவர் இறந்தபின் இருபது வருடமாக நடத்துகிறவர்.

"படிக்கிற ஜனங்கள் இருக்கும் ஊருக்குப் போகிறேன், அம்மா."

ஹன்னா மை காயாத ஒரு பிரதியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மருந்துக்கடைக்காரரிடம் கொடுங்கள். அப்புறம் இது எங்கே போகிறதோ, அங்கெல்லாம் நீங்களும் போங்கள்."

"எதற்கு?"

"வாயைத் திறக்காமல் போங்கள்."

பத்திரிகைகளுக்கு அரசாங்கம் போட்ட முத்திரை வரியால் விலை ஏறி, ஒரு பிரதியைப் பலர் கைமாற்றிப் படித்த காலம் அது. மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டு முடிதிருத்துகிறவருக்குக் கொடுத்தார். அங்கே காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை, நெசவாளர்கள் கூடும் மதுக்கடைக்கு வந்து சேர்ந்தபோது ஓரமெல்லாம் கிழிந்து, நடுவில் வெண்ணெய்க் கறை.

ஒருவன் பெஞ்சின்மேல் ஏறி உரக்க வாசித்தான். கேட்க அறுபது பேர். பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. யாருடைய பன்றியோ காணாமல் போனதற்குச் சிரித்தார்கள். மரணச் செய்திக்குத் தொப்பியைக் கழற்றினார்கள்.

அடுத்தது பெல்லோவின் தலையங்கம். ஊரின் குடிநீரைப் பற்றியது. பெல்லோ மூலையில் நின்று கேட்டார்.

"நிறுத்துப்பா!"

ஒரு பெண் எழுந்தாள். சாயம் தோய்க்கிறவள், முழங்கை வரை நீலம்.

"மூணு அடிகுழாயிலும் தண்ணீர் வருதாமா? பாலத்தடிக் குழாயைப் பூட்டி ஏழு வாரமாச்சு! எழுதினவர் ஒரு வாளியாவது சுமந்திருப்பாரா? ஆறு மாசமா அந்த மனுஷன் எழுதினதை ஒரு வரி விடாமல் கேட்கிறேன். அவரே இப்படி எழுதலாமா?"

பெல்லோவால் தாங்க முடியவில்லை.

"பூட்டியது யாரம்மா?"

அறுபது தலைகளும் திரும்பின. அறுபது பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

அச்சுக்கூடத்துக்குள் பெல்லோ ஓடிவந்தார். தலையில் தொப்பியில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! முதல் பக்கத்தில் இடம் விடுங்கள்!"

"என்ன நடந்தது?"

"நான் எழுதினது தப்பாம்!"