இடது ஓரத்துக் கண்ணாடி

அடிதடி என்றால் சந்தையிலும் சாராயக்கடையிலும்தான் நடக்கும் என்று நினைப்பவர்கள் ஒளியியல் ஆய்வுக்கூடத்துக்குள் போய்ப் பார்த்ததில்லை. அன்று காலை கணினி அறைப் பொறுப்பாளர் பெனிட்டா கதவைத் திறந்தபோது, ஆய்வு மாணவன் இசக்கியப்பன் உடன் படிக்கும் ஜெரோமைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தான். ஜெரோமின் மூக்கு உடைந்து கீபோர்டெல்லாம் ரத்தம். அவனும் லேசுப்பட்டவனா என்ன? இசக்கியின் காதைக் கடித்துக் கிழித்திருந்தான். காவலாளிகள் வந்துதான் பிரிக்க முடிந்தது.

ஜெரோம் பெனிட்டாவின் கூடப்பிறந்த தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவளே படிக்க வைத்து ஆளாக்கிய பிள்ளை.

சண்டை ஒரு படத்துக்காக. தலைமுடியைவிட மெல்லிய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைச் சரியான இடங்களில் போட்டால், நடுவில் விட்ட ஒளி வெளியேற வழியில்லாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். தகட்டைச் செய்வதற்கு முன்னால் கணினிக்குள் ஒரு பெட்டி வரைந்து, அதில் துளைகளை வைத்து, ஒளி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று ஓட்டிப் பார்ப்பார்கள். பெட்டியின் ஓரங்கள் தப்பி வரும் ஒளியை விழுங்கிவிட வேண்டும். கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பினால், துளைகளே பிடித்து வைத்ததுபோல் பொய்க்கணக்கு வரும். அப்படி ஏமாந்து அவமானப்பட்டவர்கள் அந்தத் துறையில் நிறையப் பேர்.

இருவர் கணினியிலும் ஒரே படம். அதில் ஒளி அதுவரை யாரும் காணாத அளவுக்கு நிலைத்து நின்றது. இருவரும் என்னுடையது என்றார்கள். திருடியவன் யாரென்று தெரிந்தால் அவன் படிப்பும் பிழைப்பும் அத்தோடு முடிந்தது. ஆய்வுக்கூட இயக்குநர் கையைப் பிசைந்தார். அப்போது இசக்கியேதான் சொன்னான்: "பெனிட்டா அக்கா சொல்லட்டும். தம்பிக்காகக்கூட அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

பெனிட்டா படத்தைத் திறந்தாள். மற்ற ஓரங்களெல்லாம் விழுங்கும் ஓரங்கள். இடது ஓரம் மட்டும் கண்ணாடி. அந்த ஓரத்தைத் தொட்டு நின்ற துளைகள் ஒவ்வொன்றும் பாதியாக இருந்தன. ஒளியும் அந்த ஓரத்தில்தான் தேங்கி நின்றது. பார்த்ததுமே, தம்பியாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு ஒரே பேச்சைத்தான் பேசினாள். இடது ஓரத்தில் கண்ணாடி இருக்கிறது, அது பிழை, எடுத்துவிட்டு விழுங்கும் ஓரம் போட்டு ஓட்டு என்றாள்.

ஜெரோம் சொன்னபடி செய்தான். ஒளி கண்மூடித் திறப்பதற்குள் செத்துப்போயிற்று. அவன் தேம்பித் தேம்பி அழுதான். "கவனிக்காம விட்டுட்டேன்க்கா. என் தப்புதான். என்ன தண்டனை வேணும்னாலும் குடு."

இசக்கி மாட்டேன் என்றான். பிழையே இல்லை என்று முறைத்தான். சரி, நானே மாற்றுகிறேன் என்று அவள் மவுஸைத் தொட்டதும் அவனுக்கு வெறி ஏறிவிட்டது.

"தம்பிக்காக என் படத்தைக் கெடுக்கப் பாக்கியா?"

பக்கத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவள் கைமேல் இறக்கினான். மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது. அதே ஸ்டூலால் திரையையும் நொறுக்கினான். காவலாளிகள் அவன் மண்டை பிளக்க அடித்துத்தான் அடக்கினார்கள்.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஒருவன் தப்பை ஒப்புக்கொண்டு அழுகிறான். இன்னொருவன், தானே நம்பிக் கூப்பிட்டவளின் கையை உடைத்துவிட்டு நிற்கிறான். முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெனிட்டா இயக்குநர் முன்னால் போய் நின்றாள். படத்துக்குச் சொந்தக்காரன் என்று அவள் யாரைச் சொல்லியிருப்பாள்?

இசக்கியப்பனைத்தான். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் படத்தை முழுசாக ஓட்டிப் பார்ப்பது வீண்வேலை. சரிபாதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் கண்ணாடி வைத்தால் போதும், மறுபாதி அதற்குள்ளேயே அடங்கிவிடும். பாதித் துளைகள் சொன்னது அதைத்தான்; அந்த இடது ஓரம்தான் முழுப் படத்தின் நடு. வரைந்தவனுக்கு அது தெரியும். ஜெரோமுக்குத் தெரியவில்லை. பிழை என்று அக்கா வேண்டுமென்றே சொன்ன பொய்யை நம்பி, ஒளி தங்கிய நடு இடத்திலேயே அதை விழுங்க விட்டான். செய்யாத பிழைக்கு அழுததில்தான் அகப்பட்டான். பெனிட்டா தம்பிதான் திருடன் என்றாள். கையை உடைத்ததற்காக இசக்கிமேல் போலீசில் புகாரும் கொடுத்தாள். "உன்னை அடிச்சவனுக்காகவா என்னைக் காட்டிக்கொடுத்தே?" என்று ஜெரோம் கேட்டான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சொன்ன சொல்லை மட்டும் அவள் மாற்றவில்லை.