உள்ளே இருந்தே தள்ளிய தெய்வானை

பழனி மலை இறங்கி மடத்து வேனில் ஏறியதிலிருந்தே தெய்வானையம்மாளுக்கு மனசு ஓரிடத்தில் இல்லை. வழியில் ஒட்டன்சத்திரம் வரும். மகன் வீடு அங்கேதான். பேத்தி குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளாம். இவள் இன்னும் முகம் பார்க்கவில்லை. வளைகாப்பன்று மருமகளோடு வார்த்தை தடித்துப் போனதுதான் காரணம்.

"சாமி, தினம் விளக்கேத்தி அழுறேன். அந்தப் பொண்ணு மனசு இளகி ஒரு போன் பண்ணட்டும்னு. ஒண்ணும் அசையலையே, ஏன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மடத்துச் சாமி அவளைவிட இளையவர். அம்மா என்றுதான் கூப்பிடுவார். பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேன் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. எதிரே ஒட்டன்சத்திரம் பெயர்ப்பலகை.

"பேட்டரி படுத்துடுச்சு சாமி, தள்ளணும்" என்றார் ஓட்டுநர் பொன்னுரங்கம்.

எல்லோரும் இறங்கினார்கள். சாமியும் காவி வேட்டியை மடித்துக் கட்டினார். தெய்வானை மட்டும் அசையவில்லை.

"முட்டி வலி சாமி. நான் உள்ளே இருந்தே தள்ளுறேன்" என்று முன் சீட்டில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"அப்படியா? எல்லாரும் கையை எடுங்க. அம்மா தள்ளட்டும்."

"முருகா!" என்று மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். நெற்றி வியர்த்தது. வேன் நின்ற இடத்திலேயே நின்றது.

"அம்மா, சீட்டு கழண்டுடும்!" என்று பொன்னுரங்கம் அலற, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இவ்வளவு தள்ளுறேனே, அதெல்லாம் எங்கே சாமி போகுது?"

"கை முன்னாடி தள்ளுது. கால் பின்னாடி தள்ளுது. ரெண்டுமே வண்டிக்குள்ளதானே இருக்கு?"

"அப்போ என்ன செய்ய?"

"காலைத் தரையில வைங்க. பையையும் எடுத்துக்கங்க."

"தள்ளுறதுக்குப் பை எதுக்கு சாமி?"

"பஞ்சாமிர்தம் இருக்கே. இருக்கட்டும்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். கூட்டத்தோடு கை கொடுத்தாள். முதலில் மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. மயிரிழை நகர்ந்தது. நகர்ந்த பிறகோ, வண்டி தானாகவே ஓடப் பார்த்தது. அட, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இன்ஜின் உறுமியது.

"நிறுத்தினா மறுபடியும் படுத்துடும்! ஓடி வந்து ஏறுங்க!" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

ஆளுக்கு ஆள் ஓடித் தொற்றினார்கள். சாமியும் தாவி ஏறினார். தெய்வானையின் முட்டி ஓட விடவில்லை. பெயர்ப்பலகைக்கு அடியில், பையோடு, தனியாக நின்றாள்.

"சாமி! என்னை விட்டுட்டுப் போறீங்களே! நான் எப்படிப் போவேன்?"

சாமி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தான் கால் தரையில இருக்கே அம்மா!"