முழந்தாளிட வேண்டியவர்

மணல்துறை மீனவ ஊரில் தாளாளர் மச்சாது அசைந்தால்தான் மாதா கோயில் மணியே அசையும். கோயில் நடத்தும் பங்குப் பள்ளிக்கூடம் அவர் கையில்.

அங்கே அனுப்பாமல், கன்னியர் மடத்தில் படித்திருந்த மீனவர் மனைவி பிலோமி தன் மகள் ரெஜினாளுக்கு ஞானோபதேசம், இலத்தீன், தர்க்கம் எல்லாம் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். மச்சாதுவுக்கு அது பொறுக்கவில்லை. ரெஜினாள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முந்தின நாள், சனம் நிறைந்த கோயிலில் எழுந்து நின்றார்.

“பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பிள்ளைக்குப் புதுநன்மையா? இவளுக்கு வேதம் சொல்லித்தரப் பொறுப்பேற்ற ஆள் யாரு? அந்த ஆள் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்கட்டும்!”

எல்லோரும் பிலோமியைப் பார்த்தார்கள். ரெஜினாள் எழுந்தாள்.

“யாரா இருந்தாலுமா, ஐயா?”

“ஆயரா இருந்தாலும்!”

அவள் ஞானஸ்நானத் தொட்டியருகே போய் நின்றாள்.

“என் ஞானஸ்நானத்துல, ‘இந்தக் குழந்தையை விசுவாசத்தில் வளர்க்க உதவுவீர்களா?’ன்னு பங்குச் சாமியார் கேட்டாராம். ‘உதவுவேன்’னு ஒருத்தர் கணீர்னு சொன்னாராம். அப்புறம் அவர் எங்க வீட்டுப் பக்கமே வரலை. அவர் பங்கையும் சேர்த்து அம்மாதான் சொல்லித்தந்தாங்க.”

“யாரு அந்தப் பொறுப்பில்லாதவன்?”

“நீங்கதான், ஞானப்பா.”

ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு, ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தகப்பன் அவர்தான். ஞானஸ்நான விருந்துகள் நினைவில் இருந்தன, பிள்ளைகள் நினைவில் இல்லை.

மச்சாது பங்குச்சாமியைப் பார்த்தார். சாமி பீடத்தைப் பார்த்தார். மச்சாது பீடத்துக்கு முன்னால் போய் மெல்ல முழந்தாளிட்டார்.

ரெஜினாள் அவர் பக்கத்தில் வந்து தானும் முழந்தாளிட்டாள்.

“பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிற மனஸ்தாப மந்திரம் மறந்துபோச்சா, ஞானப்பா? நான் சொல்றேன், பின்னாலேயே சொல்லுங்க.”