புளித்த மாந்தோல்

மாம்பழத்தில் சாறு முதலாளிக்கு, தோல் மாட்டுக்கு. தோல் புளித்துப்போனால் சாவு யாருக்கு? சொல்லுங்கள் பார்க்கலாம்.

மாதம்மா வீட்டுப் பசுவுக்குத்தான். மாம்பழக்கூழ் ஆலை இலவசமாகக் கொட்டிய தோலைத் தின்று, வயிறு உப்பிச் செத்துப்போனது. அதன் பாலை நம்பித்தான் அவளுடைய கைக்குழந்தைத் தம்பி இருந்தான்.

சிறுமி மாதம்மா ஆலைக்குப் போய் நியாயம் கேட்டாள்.

"தேன் மாதிரித் தீனி அது! தோலாலதான் செத்துச்சுன்னு நிரூபி, பார்க்கலாம்" என்று சிரித்தார் ஆலை முதலாளி சம்பங்கி. கூலியாட்களும் சிரித்தார்கள்.

"நல்ல தீனிதாங்க ஐயா. அதான் வர்ற வழியில உங்க வீட்டுச் சீமைப்பசுவுக்கும் ரெண்டு கூடை கொட்டிட்டு வந்தேன்."

"அடிப்பாவி! நுரைச்சுப் புளிச்ச தோலாச்சே, மாடு செத்துடும்! ஓடுங்கடா, அள்ளி வெளியே போடுங்க!"

"பதறாதீங்க ஐயா. நான் கொட்டல."

கூலியாட்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். நாளைக்கும் அவர்கள் வேலைக்கு வரவேண்டும்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "கறவைப் பசு ஒண்ணு தர்றேன். உன் மாடு காய்ச்சல்ல செத்துச்சுன்னு ஊர்ல சொல்லிடு."

வாசலில் தோல் ஏற்றிய லாரி ஊருக்குள் போகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

மாதம்மா பசுவின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.